ஆர்எக்ஸ் 100-ஐக் கண்காட்சிக்குத் தயார் செய்கிறீர்களா?

1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 வீட்டில் இருந்தால் அது சொத்து. பெயின்ட் கடைக்கு விடும் முன் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேஸ் நம்பர்களைச் சரிபாருங்கள். இன்ஜினுக்குப் பஃபிங் போடும்போது அந்த நம்பர் மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். எண் தேய்ந்தால் ஆர்டிஓவில் பதில் சொல்லி மாளாது.

பழைய சைலன்சர், மட்கார்டு, ஸ்டிக்கர் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கம்பெனியில் வந்த பாகத்துக்குத்தான் கண்காட்சியில் மதிப்பு. சத்தமாகக் கத்தும் சைலன்சர் எனக்குப் பிடிக்காது, சட்டத்துக்கும்தான்.

முக்கியமானது ஆயில் பம்ப். இந்த வண்டியில் டூ-டி ஆயிலுக்குத் தனி டேங்க். குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்றுக் குமிழ் நிற்கும், இன்ஜினுக்கு ஆயில் போகாது, பிஸ்டன் பிடித்துவிடும். பம்பில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழில்லாமல் ஆயில் வழியும்வரை விட்டு இறுக்குங்கள். பம்பிலிருந்து ஆயில் சீராகப் போவது உறுதியாகும்வரை பெட்ரோலிலும் கொஞ்சம் ஆயில் கலந்தே ஓட்டுங்கள்.

தொண்டாமுத்தூர் போன்ற ஊர்களில் ஆனி, ஆடிச் சாரலுக்கு ஈரம் அதிகம். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் மிச்சமுள்ளதை வடித்துவிடுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், ஜெட் அடைத்துக்கொள்ளும்.