ஆஸ்துமாவும் ஒவ்வாமையும்: தக்க மருத்துவரைத் தேர்தல்

புது தில்லி மந்திர் மார்க்கில் காற்றை இடைவிடாது அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு நடத்தும் அந்நிலையத்தின் அளவீடுகளை எவரும் பார்க்கலாம். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், 24 மணி நேரச் சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2009-இல் நம் நாடு வகுத்த நெறி. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அந்த எல்லையை 15 மைக்ரோகிராம் என நிர்ணயித்தது. குளிர்காலத்தில் தில்லியில் இவ்விரு எல்லைகளும் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கின்றன.

இச்சாலையின் மேற்கே உயரும் குன்றுத்தொடரில் மண்டிக் கிடப்பது சீமைக் கருவேலம். இராமநாதபுரம் மாவட்டத்தார் நன்கறிந்த அதே மரம். அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்ட வல்லது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும், அரசு ஊழியர் குடியிருப்புகளும் அமைந்த இப்பகுதியில், தம் தெருவின் காற்றைப் பற்றி இவ்வளவு அறிய வசதி பெற்றவர்கள், தம் மூச்சைப் பற்றி அறிய யாரை நாடுவது என்னும் போது மட்டும் பெயர்ப்பலகையையும் அண்டை வீட்டார் சொல்லையும் நம்ப நேர்கிறது.

இது சிறிய செய்தியன்று. 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால் ஆஸ்துமா மரணங்களில் இந்தியாவின் பங்கு நாற்பது விழுக்காட்டுக்கும் அதிகம். இந்த இடைவெளிக்குக் காற்றின் மாசு மட்டும் காரணமாகாது. நோய் காலத்தில் கண்டறியப்படாமையும், கண்டறியப்பட்ட பின்னரும் அன்றாடம் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து எழுதப்படாமையும், எழுதப்பட்டாலும் நோயாளி அதைக் கைவிடுவதுமே முதன்மைக் காரணங்கள். ஆகவே மருத்துவரைத் தேர்வது இந்நோயில் பாதி மருத்துவம் எனலாம்.

பட்டமும் பலகையும்

'ஒவ்வாமை நிபுணர்' என்ற பலகையைக் கண்டதும் அது கண் மருத்துவர், எலும்பு மருத்துவர் என்பது போன்ற தனிப் பட்டம் என நாம் எண்ணிவிடுகிறோம். நம் நாட்டில் இத்துறை பெரும்பாலும் மற்றத் துறைகளின் வழியே வளர்ந்தது. நெஞ்சக நோய் மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றோர், பொது மருத்துவர், குழந்தை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆகியோர் மேற்பயிற்சி பெற்று இதில் ஈடுபடுகின்றனர். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின்படி, ஒரு பிரிவில் தனித் தகுதி பெறாதவர் தம்மை அப்பிரிவின் நிபுணர் என்று கூறிக்கொள்ளலாகாது. மருந்துச் சீட்டில் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு மருத்துவப் பதிவேட்டில் ஒருவரது தகுதியைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். வீடு வாங்கும் போது பத்திரத்தைப் பார்க்கக் கூச்சப்படுவதில்லை.

எனினும் பட்டம் வாயிற்படி மட்டுமே. உள்ளே என்ன நடைபெறுகிறது என்பதே உரைகல்.

மூச்சை அளப்பவர் யார்?

மூச்சிரைப்பென்று வந்தவரின் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, மூச்சை அளக்காமலேயே ஆண்டுக்கணக்கில் மருந்து எழுதுவது, இரத்த அழுத்தத்தை அளக்காமலேயே அதற்கு மாத்திரை தருவதை ஒத்தது. ஸ்பைரோமெட்ரி என்னும் சோதனையில் நோயாளி முழு மூச்சையும் இழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊதுகிறார். முதல் ஒரு நொடியில் வெளிப்படும் காற்று எவ்வளவு என்பது குறிக்கப்படுகிறது. பின்னர் சால்பியூட்டமால் கொடுத்து, சுமார் 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் செய்கின்றனர். அந்த அளவு 12 விழுக்காடும், அத்துடன் 200 மில்லி லிட்டரும் கூடினால், சுருங்கிய மூச்சுக்குழல் விரிந்தது எனப் பொருள். வயது வந்தோரில் ஆஸ்துமாவுக்கு அது வலுவான சான்று. நோய் தணிந்திருக்கும் நாளில் சோதனை இயல்பாகவே இருக்கலாம். அதனால் நோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளால் பெரும்பாலும் சரியாக ஊத இயலாது; அவர்களிடம் நோயின் வரலாறும், மருந்துக்கு அவர்கள் தேறும் விதமுமே வழிகாட்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இக்கருவியைக் காண்பது இன்னும் அரிது என்பதை அதிகாரிகள் மனத்தில் கொள்ளுதல் நலம்.

நல்ல மருத்துவர் நோயாளியின் ஊரையும் கேட்பார். 1940-இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள், காசநோய் போலத் தோன்றி, இரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் மிகுந்து காணப்படும் ஒரு நிலையை விவரித்தனர். இரவில் வறட்டு இருமல், இரைப்பு, பார்வைக்கு ஆஸ்துமாவே. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு உடல் காட்டும் எதிர்ப்பே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. அந்நோய் இப்போது பெரிதும் குறைந்துவிட்டது. என்றாலும், நோய் பரவியிருந்த கும்பகோணம் போன்ற பகுதியிலிருந்து தில்லி வந்த ஒருவருக்கு ஒரு சாதாரண இரத்த எண்ணிக்கை ஆண்டுக்கணக்கான தவறான மருத்துவத்தைத் தவிர்க்கக்கூடும்.

மருந்துச் சீட்டும் ஒரு சான்று. உடனடி ஆறுதல் தரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருத்தல் போதாது. பெரியோருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உறிஞ்சும் ஸ்டீராய்டும் சேர்தல் வேண்டும் என்று 'கினா' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-இல் அறிவுறுத்தியது. ஆண்டுக்கு மூன்று சால்பியூட்டமால் குப்பிகளுக்கு மேல் தீர்ப்பவருக்குக் கடும் தாக்குதலின் அபாயம் கூடுகிறது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்னும் அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. உறிஞ்சும் மருந்தின் அளவு மைக்ரோகிராமில். விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவோ மில்லிகிராமில். இன்ஹேலருக்கு அஞ்சியவர்கள் பெயர் அச்சிடாத பொடிப் பொட்டலங்களை வாங்கி, அதில் கலந்துள்ள ஸ்டீராய்டையே அறியாமல் விழுங்கும் வேடிக்கையும் நடைபெறுகிறது. இந்த அச்சத்தைப் பொறுமையாகப் போக்கி, கருவியை நோயாளியின் கையில் கொடுத்து, தம் எதிரிலேயே உறிஞ்சச் சொல்லிப் பார்ப்பவரை விடக்கூடாது. அடுத்த வருகையிலும் அவர் அதையே செய்யச் சொன்னால் இன்னும் நல்லது.

ஒவ்வாமைச் சோதனை

தில்லியில் மகரந்த ஒவ்வாமை பற்றிய ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. 1949-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற வல்லபாய் பட்டேல் நெஞ்சக நிலையத்தின் முதல் இயக்குநர் டாக்டர் ஆர். விசுவநாதன். அவரும் டாக்டர் டி. என். சிவபுரியும் 1960 வாக்கில் இத்துறையில் முன்னோடி ஆய்வுகளை வெளியிட்டனர். தில்லியில் மகரந்தம் மிகும் பருவங்கள் இரண்டு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று, செப்டம்பர், அக்டோபரில் மற்றொன்று. தும்மலும் இரைப்பும் எந்த மாதத்தில் வருகின்றன என்று நோயாளி குறித்து வைத்திருந்தால், மருத்துவர் எதைச் சோதிப்பது என்பதைப் பாதி அறிந்துவிடுவார்.

தோலில் மருந்துத் துளியிட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையில் 3 மில்லி மீட்டர் தடிப்பு எழுந்தால் உடல் அப்பொருளுக்கு எதிர்வினை காட்டுகிறது என்பது மட்டுமே பெறப்படும். அதுவே நோய்க்குக் காரணம் என்பது வரலாற்றோடு பொருந்தினால்தான் உறுதியாகும். தும்மலுக்கான மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தாவிடில் சோதனை பொய்க்கும். வரலாறு கேட்கும் முன்பே நூறு பொருள்களுக்கான சோதனையை எழுதுபவரிடமும், அதன் பேரில் அரிசி, பால், கத்தரிக்காய் என நீண்ட விலக்குப் பட்டியலைத் தருபவரிடமும் எச்சரிக்கை தேவை. ஒவ்வாமை ஊசி மருத்துவம் 1911-இல் இலண்டனில் லெனார்டு நூன் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது; தேர்ந்த சிலருக்கு நற்பயன் தருவது. ஊசி போட்ட பின் அரை மணி நேரமாவது உட்கார வைத்துக் கவனிக்கும் இடத்திலும், அட்ரினலின் கையிருப்பில் உள்ள இடத்திலும் மட்டுமே அதை ஏற்கலாம்.

மந்திர் மார்க் வாசிக்கு வழி அருகிலேயே உண்டு. டாக்டர் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையும், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியும், குழந்தைகளுக்கான கலாவதி சரண் மருத்துவமனையும் சிறிது தொலைவில் உள்ளன. நெஞ்சக நிலையத்துக்கு ராமகிருஷ்ண ஆசிரம மார்க் மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறி, விஸ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கலாம். 1954-இல் தில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் உறுப்பினர்கள் முதலில் தம் நிலைய மருத்துவரிடமே சென்று பரிந்துரை பெறுவது வழக்கம். முன்னைய ஸ்பைரோமெட்ரி அறிக்கைகள், காலியான இன்ஹேலர் குப்பிகள், மாதக் குறிப்பு ஆகியவற்றைப் பையில் கொண்டு செல்க. புறப்படும் முன் மருத்துவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: நள்ளிரவில் இரைப்பு முற்றி, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமற் போனால், என்ன மருந்து, எத்தனை முறை, எவ்வளவு நேரத்துக்குள் எந்த மருத்துவமனைக்கு? விடையை எழுதித் தரச் சொல்லி, அத்தாளை வீட்டார் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டி வைக்கலாம். பள்ளிப் பிள்ளையாயின் வகுப்பாசிரியரிடமும் ஒரு படி இருக்கட்டும்.