திடீரென்று அணையும் கணினி: கடைக்குத் தூக்கும் முன் நீங்களே பார்க்கலாம்

வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை தளத்தில் விண்ணப்பிக்கிறீர்கள். ஆவணங்களை எல்லாம் ஏற்றி, கட்டணம் செலுத்தும் நேரத்தில் கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. பணம் போச்சா, விண்ணப்பம் போச்சா, ஒன்றும் தெரியாது.

காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊரில் இன்னொரு நஷ்டமும் உண்டு. முன்பு வரைபடத் தாளில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைந்த சேலை டிசைன்களை இப்போது கணினியில் வரைகிறார்கள். ஜக்கார்டு தறியில் ஓர் அட்டை என்பது ஓர் ஊடைக்கான கட்டளை. பாதி வரைந்த முந்தானை டிசைன் சேமிக்கப்படாமல் அழிந்தால், போவது பல நாள் உழைப்பு.

இப்படி அணைவதற்குப் பெரும்பாலும் காரணம் நான்குதான்: மின்சாரம், சூடு, பழுதான பாகம், மென்பொருள். எது என்று கண்டுபிடிக்க முதலில் கவனிக்க வேண்டும், கழட்டுவது அப்புறம்.

எப்படி அணைகிறது என்று பாருங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அணைந்த நேரம், அப்போது செய்த வேலை, வீட்டில் வேறு என்ன ஓடியது.

• மோட்டாரோ மிக்ஸியோ போட்டவுடன் அணைந்தால், மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள்.
• அரை மணி நேரம் ஓடியபின் அணைந்து, கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி வேலை செய்தால், சூடு.
• நீலத்திரை வந்து அணைந்தால், ரேம் அல்லது டிரைவர் கோளாறாக இருக்கலாம். திரையில் வரும் எழுத்துகளை உடனே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.
• 'ஷட்டிங் டவுன்' என்று காட்டி ஒழுங்காக அணைந்தால், அப்டேட் அல்லது பவர் செட்டிங்.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்' என்பதைப் பாருங்கள். 41 என்ற எண்ணுடன் 'கெர்னல்-பவர்' என்று இருந்தால், கணினி முறையாக மூடப்படாமல் நின்றிருக்கிறது என்று பொருள். ஆனால் காரணம் என்ன என்று அது சொல்லாது. 1074 என்றால், ஏதோ ஒரு மென்பொருளோ பயனரோ அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் மின்சாரம்

சுவர் பிளக்கிலிருந்து கணினி வரை ஒவ்வோர் இணைப்பையும் அழுத்திப் பாருங்கள். தளர்ந்த பவர் கார்டு ஒன்றே போதும், நாள் முழுக்கத் தொல்லை கொடுக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியை விட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

யுபிஎஸ் இருந்தால் அதன் பேட்டரியைச் சோதியுங்கள். பல பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். வேலையை எல்லாம் சேமித்து மூடிவிட்டு, யுபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் பேட்டரி மாற்ற வேண்டியதுதான். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதிலுள்ள சுவிட்சைப் பாருங்கள். பல மாடல்களில் 'யுபிஎஸ்' என்றும், 'எகோ' அல்லது 'நார்மல்' என்றும் இரண்டு நிலை இருக்கும். எகோவில் இருந்தால் பேட்டரிக்கு மாற ஒரு கணம் கூடுதலாகும். மின்விசிறிக்கு அது தெரியாது, கணினி அணைந்துவிடும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றினால் போதும், செலவே இல்லை.

விளக்கு சில அறைகளில் பளிச்சென்றும் சில அறைகளில் மங்கலாகவும் எரிகிறதா? நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம். இது ஆபத்து. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படியென்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் செய்யுங்கள்.

அடுத்து சூடு

பிராசசரின் சூடு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அது எரிந்துபோகாமலிருக்கக் கணினி தானே அணைந்துகொள்ளும். எனவே இது ஒரு பாதுகாப்பு. சூடு ஏன் ஏறியது என்பதே கேள்வி.

தறி ஓடும் வீட்டில் பட்டு நூலின் பிசிறும் தூசியும் பறந்துகொண்டே இருக்கும். கணினியின் விசிறி அதை உள்ளே இழுத்து, ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் பஞ்சு போல அடைத்துவிடும். ஊதுபத்திப் புகையும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அது ஒட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலில் காற்று போக வழியில்லாத மூலையில் கணினி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜரிகை என்பது வெறும் நூல் அல்ல. அசல் ஜரிகையில் பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும். அதில் மின்சாரம் பாயும். வெட்டி விழுந்த ஜரிகைத் துண்டு மதர்போர்டில் போய் உட்கார்ந்தால் ஷார்ட் ஆகிக் கணினி அணையலாம், பாகமே கெடலாம். ஆகவே தறிக்கும் ஜரிகை வெட்டும் இடத்துக்கும் தள்ளி, தரையை விட்டு உயரத்தில் கணினியை வையுங்கள்.

சுத்தம் செய்யும் முறை

1. பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள்.
2. உள்ளே எதைத் தொடும் முன்பும் இணைப்புகளைக் கைபேசியில் படம் எடுங்கள்.
3. வெறும் உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.
4. விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத் துணி கூடாது.
5. மூடுவதற்குமுன் டார்ச் அடித்து ஜரிகைத் துண்டு எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

லேப்டாப் என்றால் கடினமான, சமமான பரப்பில் வையுங்கள். மெத்தையில் வைத்தால் காற்றுத் துவாரம் அடைபடும். பேட்டரி உப்பியிருந்தால் அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது.

இதற்கும் அடங்கவில்லையா?

அப்போது எஸ்எம்பிஎஸ், ரேம், மதர்போர்டு ஆகியவற்றைக் கடையில்தான் சோதிக்க வேண்டும். நீங்கள் எழுதிய குறிப்பையும் நீலத்திரைப் படத்தையும் காட்டுங்கள். வீணாகப் பாகம் மாற்றும் செலவு குறையும். ஆதார் நகல், வங்கி விவரம் உள்ள கோப்புகளை முன்கூட்டியே பிரதி எடுத்துக்கொண்டு, கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள். முடிந்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். மாற்றும் பாகத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சரியாகும் வரை டிசைனை அடிக்கடி சேமித்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். இணையத்தில் கட்டணம் செலுத்தும்போது கணினி அணைந்தால் அவசரப்பட்டு மறுபடி கட்டாதீர்கள். கைபேசியில் அதே கணக்கில் நுழைந்து விண்ணப்ப நிலையையும், வங்கியின் குறுஞ்செய்தியையும் முதலில் பாருங்கள். பணம் போகவில்லை என்று உறுதியான பிறகு கட்டினால் போதும்.