விழுந்தால் மறதியையும் பாருங்கள்

கேள்வி: 76 வயதான என் மாமியார் அண்மையில் இரண்டு தரம் கிணற்றடியில் விழுந்துவிட்டார். அடுப்பில் வைத்த கஞ்சியையும் மறந்துபோகிறார். வயசுக்கோளாறுதான் என்கிறார்கள். அப்படியே விடலாமா?
– வாசகி ஒருவர், கொக்கிளாய்

பதில்: விடக்கூடாது. 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விழுந்து காயப்பட்ட முதியவர்களில் 10.6 வீதமானோருக்கு ஓராண்டுக்குள் மறதிநோய் கண்டறியப்பட்டது. வேறுவிதமாகக் காயப்பட்டவர்களில் அது 6.1 வீதம். விழுந்ததால்தான் நோய் வந்தது என்று இதற்குப் பொருளில்லை. மூளையில் ஏற்கெனவே தொடங்கிய மாற்றம் முதலில் நடையில் தெரிந்திருக்கலாம்.

தலை அடிபட்டதா என்று கேளுங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் தடுமாற்றம் தரும். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 பற்றாக்குறை, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் மறதிபோலத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

இவற்றைச் சோதிக்க உங்கள் மாவட்டத்திலுள்ள மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லும்போது, அவர் போடும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நித்திரைக் குளிசையும் பிரஷர் குளிசையும் சிலரை எழும்பும்போது தள்ளாட வைக்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். பிடித்து நடக்க ஒரு கம்பி கட்டுங்கள். இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரியட்டும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை: மறதிநோயில் சுமார் 45 வீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு வெளியிட்ட 2024 அறிக்கை. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், காது, கண் எல்லாவற்றையும் நடுவயதிலேயே கவனியுங்கள்.