ஸ்னோமொபைலுக்கு எந்த ஹெல்மெட்?

கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் பனித்தடங்களில் ஸ்னோமொபைல் ஓட்டப் போகிறவர்கள் சிலர், கோடையில் பைக்குக்குப் போட்ட ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது அடியிலிருந்து தலையைக் காக்கும். பாதையைப் பார்க்க விடாது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று முகத்தில் பட்டால் மைனஸ் 35 போல உறைக்கும். வைசரைத் திறக்க முடியாது. மூடினாலோ மூச்சின் ஈரம் உள்பக்கம் படிந்து உறைந்துவிடும்.

ஆகவே கடையில் முதலில் வைசரைப் பாருங்கள். இரட்டை அடுக்கு கட்டாயம் வேண்டும். நாள் முழுக்க ஓட்டுபவர்கள் மின்சாரத்தில் சூடாகும் வைசருக்குச் செலவழிக்கலாம், தப்பில்லை. வண்டியில் அதற்கான பிளக் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் மூச்சுத் தடுப்பு, மூக்குத்தண்டில் ஒட்டி உட்கார வேண்டும். சிறு இடுக்கு இருந்தாலும் மூச்சு மேலேறி மூக்குக்கண்ணாடியை மறைத்துவிடும்.

போட்டுப் பார்க்கும்போது மெல்லிய கம்பளிக் குரங்குக் குல்லாவோடு போடுங்கள். பருத்திக் குல்லா வேண்டாம், வியர்வையில் நனைந்து சில்லிட்டுப்போகும். தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைய வேண்டும். அதுதான் சரியான அளவு. தடித்த கையுறையைக் கழற்றாமலே வைசரைத் தூக்கி இறக்க வருகிறதா என்றும் பாருங்கள். ஹெல்மெட்டில் டாட் (DOT) அல்லது ஈசிஈ (ECE) பாதுகாப்புத் தர முத்திரை இருக்கட்டும்.

ஈர ஹெல்மெட்டை ஹீட்டர்மேல் வைத்துக் காயவைக்காதீர்கள். உள்ளிருக்கும் தெர்மாகோல் அடுக்கு சூட்டில் கெட்டுவிடும். பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி தலைக்கு ஆகாது.