தோளில் ஊசி, நுரையீரலில் காவல்: எப்படி?

தடுப்பூசி போடுறது தோளில். கிருமி நுழையறது மூக்கு வழியா. அப்போ நுரையீரலுக்குப் பாதுகாப்பு எப்படிப் போய்ச் சேருது? யோசிச்சிருக்கீங்களா நண்பர்களே?

நுரையீரலின் உட்பரப்பை ஒரு மெல்லிய திரவப் படலம் மூடியிருக்கிறது. ஆரோக்கியமான மனிதரிடமும் அதில் ஆன்டிபாடிகள் உண்டு. முக்கியமானவை இரண்டு: ஐஜிஜி, ஐஜிஏ. இவை ரத்தத்திலிருந்து கசிந்தவையா, அங்கேயே தயாரானவையா?

சாம்பிள் எடுப்பது

பிராங்கோஸ்கோப் என்ற மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, சலைன் விட்டு, திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். இதில் ஒரு சிக்கல். படலத் திரவம் சலைனில் கலந்து நீர்த்துவிடும். அதனால் வெறும் அளவைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. விகிதம்தான் பார்க்கணும். தொகுதியும் பகுதியும் ஒரே அளவு நீர்த்திருப்பதால், அந்தப் பிரச்சினை அடிபட்டுப் போயிடும்.

அல்புமின் என்ற அளவுகோல்

அல்புமின் கல்லீரலில் தயாராகி ரத்தத்தில் ஓடும் புரதம். நுரையீரல் திரவத்தில் அது இருந்தால், ரத்தத்திலிருந்து கசிந்து வந்ததுதான். எனவே மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம்.

ரத்தத்தில் லிட்டருக்கு அல்புமின் சுமார் 40 கிராம், ஐஜிஜி 10 கிராம், ஐஜிஏ 2 கிராம். அல்புமினோடு விகிதம் முறையே 0.25, 0.05.

கழுவி எடுத்த திரவத்தில் ஐஜிஜி விகிதம் ரத்தத்தில் உள்ளதை ஒட்டியே இருக்கிறது. ஆக, அதில் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து வந்தது. ஐஜிஏ விகிதமோ ரத்தத்தைவிடக் கூடுதல். இத்தனைக்கும் அங்குள்ள ஐஜிஏ பெரும்பாலும் இரட்டை மூலக்கூறு. எடை சுமார் 400 கிலோடால்டன். அல்புமின் வெறும் 66. பெரியது கஷ்டப்பட்டுத்தானே கசியணும்? ஆனாலும் கூடுதலா இருக்குன்னா, உள்ளூர் உற்பத்தி!

மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள பிளாஸ்மா செல்கள்தான் இதைத் தயாரிக்கின்றன. மேற்பரப்புச் செல்களில் உள்ள ஓர் ஏற்பி அதைப் பிடித்து, செல்லின் வழியாகவே மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. ஏற்பியின் ஒரு துண்டு ஐஜிஏவோடு ஒட்டிக்கொண்டு, அதை நொதிகள் சிதைக்காமல் காக்கிறது.

சரி, இதனால் நமக்கென்ன?

தோளில் போடும் ஊசி ரத்தத்தில் ஐஜிஜியைப் பெருக்கும். அது நுரையீரலின் ஆழம்வரை கசிந்து காக்கும். ஆனால் மூக்கு, தொண்டைப் பகுதியில் முக்கியக் காவல் ஐஜிஏ. அதை இந்த ஊசி பெரிதாகத் தூண்டுவதில்லை. "ஊசி போட்டும் சளி பிடிச்சிருச்சே!" என்று சொல்பவருக்கும் நுரையீரல் தப்பியிருப்பது இதனால்தான். 2022இல் இந்தியாவில் அனுமதி பெற்ற மூக்குவழி கோவிட் தடுப்பு மருந்து, இந்த வாசல் காவலைத் தூண்டும் நோக்கத்தில் உருவானதே.

இனிமேல் யாராவது "ஊசி வேலை செய்யலை"ன்னு சொன்னா, "வாசல்லயா, வீட்டுக்குள்ளயா?"ன்னு திருப்பிக் கேளுங்க!