புளியங்கொட்டையும் பத்துக் கட்டமும்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நரிக்குடிப் பக்கம் இந்த ஐப்பசியில் நல்ல மழை, கண்மாய் மறுகால் போகிறது என்று உன் அம்மா போனில் சொன்னாள். நம் வானம் பார்த்த பூமிக்கு அது அபூர்வமான காரியம், கேட்கவே நிறைவாக இருந்தது. உன் கேள்விக்கு வருகிறேன். “பாடப்புத்தகத்தில் வாயு என்றாலே மூடிய கலத்துக்குள் அடைபட்டுத்தான் கிடக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கிற கூட்டத்துக்குக் கணக்கு கிடையாதா?” என்று கேட்டிருந்தாய். உண்டு. ஆனால் பாதிதான் உண்டு. மீதியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கண்மாயையே பார். வரத்துக்கால் வழியே எவ்வளவு தண்ணீர் வருகிறதோ அவ்வளவும் கலுங்கு வழியே போய்விடுகிறது. நீர்மட்டம் அசையாது. தை மாதம், வரத்து நின்று, மடையையும் அடைத்த பிறகும் மட்டம் அசையாமல்தான் கிடக்கும். மட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று. இயற்பியலில் இரண்டும் வேறு வேறு. தை மாதத்துக் கண்மாய் சமநிலை. மறுகால் போகிற கண்மாய் சமநிலை இல்லை. நிலையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சமநிலைக்குப் போல்ட்ஸ்மானும் கிப்ஸும் நூறு வருஷத்துக்கு முன்பே பொதுவிதி எழுதி வைத்துவிட்டார்கள். ஆற்றலையும் வெப்பநிலையையும் சொன்னால் போதும், துகள்கள் எந்த அமைப்பில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அந்த விதி சொல்லிவிடும். ஓட்டம் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு பொதுவிதி இன்றுவரை இல்லை. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் மிகச் சின்ன விளையாட்டு ஒன்றைக் கையில் எடுத்தார்கள். இடத்தைக் கட்டங்களாக வெட்டு. ஒரு கட்டத்தில் ஒரு துகள் இருக்கலாம், அல்லது கட்டம் காலியாக இருக்கலாம். இரண்டு துகள் கூடாது. இதற்கு அணிக்கோவை வாயு என்று பெயர். யாங், லீ இருவரும் 1952-இல் திரவம் வாயுவாக மாறுவதை விளக்க இதைப் பயன்படுத்தினார்கள். அது சமநிலைக் கணக்கு. இதே வாயுவை ஒரு திசையில் தள்ளிவிட்டால் நம் விஷயம் தொடங்குகிறது.

படித்தால் மட்டும் போதாது, செய்து பார். கட்டம் போட்ட நோட்டில் பத்துக் கட்டங்களை வட்டமாக வரை. 1 முதல் 10 வரை எண் போடு. ஐந்து கட்டங்களில் கட்டத்துக்கு ஒரு புளியங்கொட்டை வை. பத்துத் துண்டுச் சீட்டில் எண் எழுதிக் குலுக்கி ஒன்றை எடு. அந்த எண்ணுள்ள கட்டத்தில் கொட்டை இருந்து, அடுத்த கட்டம் காலியாகவும் இருந்தால் ஒரு கட்டம் முன்னே நகர்த்து. இல்லையென்றால் சும்மா விடு. சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடி எடு. நூறு முறை எடுத்தால் சுமார் 28 தடவை கொட்டை நகரும். இனி இரண்டு கொட்டையோடு ஆடு: சுமார் 18. எட்டுக் கொட்டையோடு ஆடினால்? அதுவும் 18-தான்!

எட்டும் இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று யோசி. கொட்டை முன்னே ஒரு அடி வைக்கும்போதெல்லாம் ஒரு காலிக் கட்டம் பின்னே ஒரு அடி வைக்கிறது. எட்டுக் கொட்டை இருக்கும்போது உண்மையில் ஓடுவது இரண்டு காலியிடங்கள்தான். ஆள் குறைந்தாலும் ஓட்டம் குறைகிறது, கூடினாலும் குறைகிறது. பாதி நிரம்பியிருக்கும்போதுதான் உச்சம். வரிசை மிக நீளமானால் அந்த உச்சம் சரியாகக் கால்வாசி, அதாவது நூற்றுக்கு 25.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஐந்து கொட்டைகள் பத்துக் கட்டங்களில் 252 விதமாக உட்காரலாம். நெடுநேரம் ஆடினால் அந்த 252 அமைப்பும் சம அளவில் வந்துபோகும். விதியை மாற்றி, முன்னும் பின்னும் சம வாய்ப்பில் நகரவிட்டுப் பார். அப்போதும் அதே 252, அதே சம அளவு. ஆனால் முதல் ஆட்டத்தில் ஓட்டம் உண்டு, இரண்டாவதில் நிகர ஓட்டம் பூஜ்ஜியம். ஆயிரம் புகைப்படம் எடுத்துக் கொடுத்தாலும் எது எந்த ஆட்டம் என்று சொல்ல முடியாது. வீடியோ எடுத்தால் உடனே தெரியும். சமநிலையை விட்டு வெளியே வந்தால் வாய்ப்புகளின் பட்டியல் மட்டும் போதாது, நகர்வையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடச் சின்னச் சாட்சி எனக்குத் தெரியாது.

நகர்வை எண்ணினால் என்ன கிடைக்கும்? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தீபக் தர் 1987-இல் எண்ணிக் காட்டினார். தாறுமாறாக வைத்த கொட்டைகள் தம் நிலையான ஓட்டத்துக்கு வந்துசேர எத்தனை சுற்று ஆகும் என்பது கேள்வி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடவை வாய்ப்பு வருவதை ஒரு சுற்று என்று வைத்துக்கொள். கட்டங்களை 4 மடங்காக்கினால், இருபக்கமும் நகரும் ஆட்டத்தில் நேரம் 16 மடங்காகும். ஒரே பக்கம் ஓடும் ஆட்டத்தில் 8 மடங்குதான். புகைப்படத்தில் இரட்டைப் பிள்ளைகள். கடிகாரத்தில் வேறு வேறு குடும்பம். தீபக் தர் 2022-இல் போல்ட்ஸ்மான் பதக்கம் வாங்கினார், அதை வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

இது வெறும் நோட்டுப்புத்தக விளையாட்டு என்று நினைத்துவிடாதே. 1968-இல் மெக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் என்ற மூவர் இதை எழுதியது உயிரணுவுக்காக. ஆர்என்ஏ இழைமீது ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து புரதம் கட்டுகின்றன. ஒன்றை ஒன்று முந்த முடியாது. (இந்த கிப்ஸ் வேறு ஆள், குழம்பிக்கொள்ளாதே.) அந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், சிதம்பரத்தில் பிறந்தவர்.

உன் வீட்டு வாசலிலேயே இன்னொரு வரிசை உண்டு. குதிரைவாலி காயப்போட்ட களத்திலிருந்து வெடிப்பு விழுந்த கரிசல்மேல் எறும்புகள் சாரை போகுமே, அது. கான்பூர் ஐஐடியின் தேபாசிஷ் சௌத்ரியும் விஸ்வேஷ குட்டாலும், ஜப்பானின் நிஷினாரி, ஜெர்மனியின் ஷாட்ஷ்னைடர் ஆகியோரோடு சேர்ந்து, 2002-இல் கொட்டை விளையாட்டில் ஒரு விதியைக் கூட்டினார்கள். எறும்பு நிற்கிற கட்டத்தில் வாசனை விட்டுப் போகும். அந்த வாசனை மெல்ல ஆவியாகும். முன் கட்டத்தில் வாசனை இருந்தால் எறும்பு சட்டென்று அடி வைக்கும், இல்லாவிட்டால் தயங்கும். சாலையில் வண்டி கூடினால் வேகம் குறையும். இந்தக் கணக்கிலோ, ஓர் எல்லைக்குள் எறும்பு கூடினால் வேகம் ஏறுகிறது! முன்னே போனதன் வாசனை ஆறுவதற்குள் பின்னது வந்துவிடுகிறதல்லவா, அதுதான் காரணம். பிறகு நிஜ எறும்புச் சாரையை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். நெருக்கம் கூடினாலும் சராசரி வேகம் அநேகமாக மாறவில்லை. நெரிசல் என்பதே காணப்படவில்லை. கணக்கு சொன்ன ஏற்றம் அப்படியே வந்துவிடவில்லை, ஆனால் எறும்பு வண்டி அல்ல என்பது உறுதியாயிற்று. ஒரு மாதிரியிடமிருந்து இவ்வளவு கிடைத்தால் போதும் என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று. பாதி நிரம்பிய நீளமான வரிசையில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் நகர்வைக் கொஞ்சம் மந்தமாக்கினால் மொத்த ஓட்டமும் குறையுமா? பாதி மந்தம் என்றால் குறையும் என்று யாரும் சொல்வார்கள். நூற்றுக்கு ஒன்று மட்டும் மந்தம் என்றால்? 1992-இல் ஜனோவ்ஸ்கியும் லெபோவிட்ஸும் கிளப்பிய கேள்வி இது. கொஞ்சம் மந்தத்தை வரிசை தாங்கிக்கொள்ளும் என்று கணினிச் சோதனைகள் சில சொல்லின. 2014-இல் ரித்திபிரதிம் பாசு, சிடோராவிசியஸ், ஸ்லை மூவரும் நிரூபித்தது வேறு: எவ்வளவு சின்ன மந்தமானாலும் மொத்த ஓட்டம் குறைந்தே தீரும். குறைவு அத்தனை நுண்ணியது, அதனால்தான் கணினிக்கு அகப்படவில்லை. பாசு இப்போது பெங்களூரில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையத்தில் இருக்கிறார். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கேள்வி, பதில் வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. இந்தத் துறையில் இப்படிப்பட்ட கேள்விகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன.

லீவு நாளில் மூன்று கொட்டை வைத்து நூறு சீட்டு எடுத்து, நகர்வுகளின் எண்ணிக்கையை எனக்கு எழுதி அனுப்பு. கணக்குப்படி 23 வர வேண்டும். நாலைந்து கூடக் குறைய இருந்தால் தப்பில்லை. நாற்பது என்று எழுதினால் சீட்டை ஒழுங்காகக் குலுக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்,
மாமா