மடிவீக்கம்: கற்றாழையா, ஊசி மருந்தா?

கறவை மாட்டுக்கு மடிவீக்கம் கண்டு ஒரு காம்பு அடைபட்டால், மடியில் கால் பங்கு வீணாகிவிடும். எனவே தொடக்கத்திலேயே கண்டுகொள்ள வேண்டும். கறக்குமுன் முதல் பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பார்த்தால் திரிதிரியாக இருப்பது தெரியும்.

இந்த நிலையில் மூலிகை மருந்து நன்கு உதவும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை இது:

சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் சேர்த்துச் சிவந்த விழுதாக அரைக்கவும். மடியைக் கழுவி, பாலை முழுதும் கறந்துவிடவும். விழுதில் ஒரு கையளவு எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடி முழுவதும் தடவவும். நாளொன்றுக்கு 8 முதல் 10 தடவை, 5 நாட்கள் தடவ வேண்டும். விழுதைத் தினமும் புதிதாக அரைக்கவும். 3 நாட்களுக்குத் தினம் 2 எலுமிச்சம்பழங்களை நறுக்கித் தின்னக் கொடுக்கலாம்.

ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் இரத்தம் வந்தாலோ, மடி கல்லாக இறுகினாலோ காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்கவும். கிருமி உடம்பெங்கும் பரவினால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. அப்போது ஊசி மருந்து அவசியம். வீக்கம் வடிந்ததும் ஊசியைப் பாதியில் நிறுத்தக்கூடாது. மருந்து பாலில் கலந்து வருமாதலால், மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.

நோயுற்ற காம்பின் பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்சாதீர்கள். அடுத்த மாட்டுக்கும் நோய் தொற்றும்.